மாட்டுக்குச் சொல்ல வெட்கமில்லை, நாய்க்குச் சொல்ல மட்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். காபி வந்துவிட்டது, மிக்சர் தட்டு வந்துவிட்டது, பேச்சு பையனின் கேம்பஸ் இன்டர்வியூவில் போய் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெண் நாய், ஒரு வயது தாண்டிய லாப்ரடார், ஓடிவந்து பெரிய மாமாவின் முழங்காலை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்ட ஆரம்பிக்கிறது. ஹாலில் ஒரே அமைதி. அம்மா கிச்சனுக்குள் போய்விடுகிறார். அப்பா செருப்பைத் தேடுகிறார். ஆறாவது படிக்கும் பெண் மட்டும் கேட்கிறாள்: "இது பொம்பளை நாய்தானே? ஏன்ப்பா இப்படிப் பண்ணுது?"

கிடைத்த பதில்: "உள்ள போய்ப் படி!"

நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் கொஞ்சம் முன்னே பின்னே நடந்திருக்கக்கூடிய காட்சிதான் இது. அந்த ஹாலில் சரியான கேள்வியைக் கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவளுக்குப் பதில் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சொல்லாமல் விட்டதால் என்னென்ன குறைந்து போகிறது என்பதுதான் பெரிய கதை. முதலில் அவள் கேட்ட கேள்வியைப் பார்ப்போம்.

பெண் நாய் ஏறுமா? ஏறும். ஆண் நாய் மேல் ஏறும், இன்னொரு பெண் நாய் மேல் ஏறும், தலையணை மேல் ஏறும், பெரிய மாமாவின் முழங்கால் மேலும் ஏறும். அது ஆணாக மாறிவிடவில்லை. அதற்குக் கிறுக்கும் பிடிக்கவில்லை. 1968-லேயே அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் பீச்சும் அவரோடு வேலை பார்த்தவர்களும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் பெண் நாய்கள் ஏறுவதற்கும் என்ன தொடர்பு என்று சோதனை செய்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வழக்கமான விஷயம். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் மானப் பிரச்சினை.

கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடுவதைத் தெருவோரத்தில் யாரும் பார்க்கலாம். ஆண் குட்டி, பெண் குட்டி என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. கடிப்பது, துரத்துவது, உருட்டுவது போல ஏறுவதும் விளையாட்டில் ஒரு பகுதி. வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் பல காரணங்களால் தலைகாட்டும். அதில் மிகச் சாதாரணமான காரணம் பரபரப்பு. விருந்தாளி வந்துவிட்டார், வாசலில் மணி அடித்துவிட்டது, எல்லாரும் சத்தமாகச் சிரிக்கிறார்கள்... உடம்புக்குள் பொங்கும் துடிப்பை என்ன செய்வது என்று நாய்க்குத் தெரியவில்லை. மனிதர்களில் சிலர் நகம் கடிப்பதில்லையா, காலை ஆட்டிக்கொண்டே இருப்பதில்லையா, அதுபோல. பயத்திலும் செய்யும். போரடித்தாலும் செய்யும். ஒருமுறை செய்தபோது வீடே கூச்சல் போட்டுத் தன்னைச் சுற்றி ஓடிவந்தது நினைவில் நின்றுவிட்டால், எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மறுபடியும் செய்யும். (அந்த விஷயத்தில் நாய்க்கும் கடைசி பெஞ்சுக்கும் பெரிய வித்தியாசமில்லை.)

கருத்தடை செய்த பெண் நாயும் ஏறும். "ஆபரேஷன் பண்ணியும் அடங்கலையே, டாக்டர் ஏமாத்திட்டாரா?" என்று புலம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறுவது முழுக்க முழுக்க ஹார்மோன் விவகாரமாக இருந்தால்தானே ஆபரேஷனோடு அது முடிந்துபோகும்? ஆனால் ஆபரேஷன் ஆன நாய்க்குப் பெண்ணுறுப்பு வீங்கி ரத்தமும் கசிந்தால் கதை வேறு. கருப்பையிலிருந்தும் அந்தக் கசிவு வரலாம். சினைப்பையில் துணுக்கு ஏதாவது உள்ளே தங்கியிருந்து மறுபடியும் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அதேபோல், திடீரென்று ஓயாமல் ஏறுவதும், அடிக்கடி சிறுநீர் போவதும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பதும் சேர்ந்து வந்தால் சிறுநீர்த் தொற்றோ தோல் எரிச்சலோ இருக்கலாம். செருப்படி வாங்குவது பல நேரம் வலியில் இருக்கும் நாய்தான்.

இன்னொரு விளக்கமும் நாட்டில் உலவுகிறது. ஏறினால் அது உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறதாம், 'ஆல்ஃபா' ஆகப் பார்க்கிறதாம், கழுத்தைப் பிடித்துத் தரையில் அழுத்தி யார் தலைவர் என்று காட்ட வேண்டுமாம். டிவியில் பயிற்சியாளர்கள் பரப்பிய சமாச்சாரம். இதன் வேர் 1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதில் இருக்கிறது. அந்தச் சிந்தனையைத் தன் 1970 புத்தகத்தால் பிரபலப்படுத்திய டேவிட் மெக் என்ற ஆராய்ச்சியாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், அடித்துப் பிடித்துத் தலைவராகும் கதை அங்கே பொருந்தாது என்று 1999-ல் எழுதிவிட்டார். அவர் விட்டாலும் இவர்கள் விடுவதாயில்லை. லாப்ரடாருக்கு மாமாவின் ராஜ்ஜியம் வேண்டாம். மாமா வந்ததில் அதற்குச் சந்தோஷம், அவ்வளவுதான்! பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, பந்தையோ எலும்பையோ கொடுத்துக் கவனத்தைத் திருப்பினால் போதும். கத்தினால் பரபரப்பு இன்னும் ஏறும்.

இதெல்லாம் சரி, ஹார்மோனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பருவத்துக்கு வரும் நாட்களில் பெண் நாய்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஏறலாம், மற்ற நாய்களையும் தன் மேல் ஏறவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் இருந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே வயதுக்கு வந்த, கருத்தடை ஆகாத ஒரு நாய் புதிதாக இப்படிச் செய்ய ஆரம்பித்தால் அதை அடிப்பதை விட்டுவிட்டு வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வீக்கம் இருக்கிறதா, தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இருக்கிறதா, வாசலில் முன்பின் தெரியாத கடுவன் நாய்கள் நிற்கின்றனவா என்று.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இதே வீட்டுப் பெரியவர்களின் ஊரில் மாடு இருக்கும். பசு ராத்திரியெல்லாம் கத்துகிறது, தீனி எடுக்கவில்லை, பின்னால் கண்ணாடி மாதிரி சளி ஒழுகுகிறது, பக்கத்து மாட்டின் மேல் தாவுகிறது என்றால் தாத்தா என்ன சொல்வார்? "மாடு பருவத்துக்கு வந்திருக்கு, ஊசி போடச் சொல்லணும்." டீக்கடையில் நின்றுகொண்டு சொல்வார். பேத்தியை விட்டே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்வார். பசு இன்னொரு பசு மேல் தாவுவது அங்கே அசிங்கம் இல்லை, தகவல். அடுத்த மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்கிற மாடுதான் சரியான பருவத்தில் இருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரியும். காலையில் பருவத்துக்கு வந்தால் மாலையில் ஊசி, மாலையில் வந்தால் மறுநாள் காலை ஊசி என்ற கணக்கும் தெரியும். 21 நாளைக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிய வாத்தியார்கள் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தொழுவம் சொல்லித் தந்தது.

அதே தாத்தா சென்னையில் மகன் வீட்டுக்கு வந்தால் நாய் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். ஏன்? மாட்டின் பருவத்தில் பால் இருக்கிறது, கன்று இருக்கிறது, காசு இருக்கிறது. நாயின் பருவத்தில் அப்படி எதுவும் இல்லை. பயன் இல்லாத இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு மொழி வேறு. ஒருவனைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் மார்கழி மாதத்து நாயோடு ஒப்பிடுகிறார்கள். பெண்ணைத் திட்ட வேண்டுமென்றால் பெட்டை நாய் என்கிறார்கள். கெட்ட வார்த்தையாக மட்டுமே பழகிப்போன ஒன்றை, வளர்க்கும் நாயின் உடம்பாகப் பார்க்கப் பழக வேண்டும் என்றால் வாய் கூசத்தான் செய்யும்.

கூசட்டும். ஆனால் அந்தக் கூச்சத்தால் வரும் முதல் தப்பு மிகப் பெரியது. நாய்க்கு வரும் ரத்தத்தை மனிதப் பெண்களின் மாதவிலக்கு என்று நினைத்துக்கொள்வது. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே தவிர, இரண்டும் நேர் எதிர். மனிதரில் கருத்தரிக்காமல் போன சுழற்சியின் முடிவில், கருப்பையின் உள்சுவர் உரிந்து ரத்தம் வருகிறது. நாயில் சுழற்சியின் தொடக்கத்தில், கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால், ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் கருப்பையின் நுண் ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தம் கசிகிறது. அதாவது அங்கே ரத்தம் 'முடிந்தது' என்கிறது, இங்கே ரத்தம் 'வரப்போகிறது' என்கிறது.

முதல் கட்டம் சராசரியாக 9 நாள் (சில நாய்க்கு 3 நாளிலும் முடியும், சிலதுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் போகும்). இந்தக் கட்டத்தில் கடுவன்கள் மோப்பம் பிடித்து வந்துவிடும், ஆனால் பெண் நாய் விடாது. உறுமும், கடிக்கும், உட்கார்ந்துகொள்ளும். பிறகு ரத்தம் குறைந்து, வைக்கோல் நிறத்தில் வெளிறுகிறது. வீக்கம் லேசாகத் தளர்கிறது. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். "அப்பாடா, நின்னுடுச்சு!" என்று கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். சரியாக அன்றைக்குத்தான் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. அதுவும் சராசரியாக 9 நாள். கருமுட்டை வருவதும், பெண் நாய் வாலை ஒதுக்கி நின்று கொடுப்பதும், சினை பிடிப்பதும் எல்லாம் இந்த நாட்களில். ரத்தம் வந்த நாட்களில் கட்டிப்போட்டுவிட்டு, ரத்தம் நின்ற நாளில் அவிழ்த்துவிடுவதைப் போன்ற ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முறை உலகத்தில் வேறெங்கும் இருக்காது :-)

நாய்க்கு இன்னும் இரண்டு சாமர்த்தியங்கள் உண்டு. வெளிவரும் கருமுட்டை உடனே தயாராக இருக்காது, முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும். கடுவனின் விந்தணுவும் உள்ளே பல நாள் உயிரோடு காத்திருக்கும். அதனால் "ஒரு நாள்தானே வெளியே போச்சு" என்ற சமாதானம் எடுபடாது. ஒரே ஈற்றில் வெவ்வேறு அப்பாக்களின் குட்டிகள் பிறப்பதும் சாத்தியம். கறுப்பு ஒன்று, செவலை ஒன்று, புள்ளி ஒன்று என்று பிறந்தால் எல்லாம் ஒரே கடுவனுடையதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

முதல் பருவம் சின்ன ரக நாய்களுக்கு ஆறேழு மாதத்திலேயே வரும். பெரிய ரகங்களுக்கு ஒன்றரை வயது, சிலதுக்கு இரண்டு வயது வரைகூட ஆகும். அதற்குப் பிறகு சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒருமுறை. ஆப்பிரிக்காவின் பாசென்ஜி போன்ற சில ரகங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறைதான். மனிதரைப் போல வயதானதும் நின்றுபோகிற ஏற்பாடு நாய்க்குக் கிடையாது. இடைவெளி கூடும், ஆனால் 10 வயதிலும் வரும். "கிழட்டு நாய்க்கு என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிட முடியாது.

சினை பிடித்தால் சுமார் 63 நாள். பிடிக்காவிட்டாலும் உடம்புக்கு அது தெரியாது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும், சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால்தான் சில நாய்கள் சினையே ஆகாமல் மடி விட்டு, பால் சுரந்து, வீட்டிலுள்ள செருப்புகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்து, பக்கத்தில் படுத்துக் காவல் காக்கும். பொய்ச்சினை. சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, அடிப்பதற்கும் இல்லை. மடியைப் பிழியாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும்.

இப்போது தெருவுக்கு வருவோம். வீட்டுக்குள் வெட்கமாக இருப்பது தெருவில் கல்லாக மாறுகிறது. இரண்டு நாய்கள் இணைசேர்ந்து பின்பக்கம் ஒட்டி, ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதைப் பார்த்ததும் பையன்கள் கல்லெடுப்பதும், கடைக்காரர் வெந்நீர் ஊற்றுவதும், யாரோ ஒருவர் குச்சியால் நடுவில் அடிப்பதும்கூடப் பார்த்த காட்சிதான். நடப்பது இதுதான்: கடுவனின் உறுப்பின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குமிழ் உள்ளே போனபின் வீங்குகிறது, பெண் நாயின் தசைகள் அதை இறுக்குகின்றன. வீக்கம் வடியும் வரை, பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடம், இரண்டும் நினைத்தாலும் பிரிய முடியாது. கல் விழுந்து இரண்டும் எதிரெதிராக இழுத்தால் இருவருக்கும் உள்காயம். அப்படிப் பிரித்தாலும் பயனில்லை, ஏனென்றால் விந்தணு நிறைந்த பகுதி ஒட்டி நிற்பதற்கு முன்னாலோ ஒட்டிய உடனேயோ போய்ச் சேர்ந்துவிட்டிருக்கும். கல்லெறிபவர் எதைத் தடுக்கிறார்? தன் கண்ணில் படுவதை மட்டும். அதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தால் போதாதா?

இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது ஒன்று இருக்கிறது. நாய்க்குட்டி கொடுக்க நினைக்கும் யாரையாவது கேளுங்கள். ஆண் குட்டிகளுக்கு ஆள் வந்துவிடும். பெண் குட்டியைக் காட்டினால் "பெட்டையா? வேண்டாங்க, பின்னாடி தொந்தரவு" என்பார்கள். அந்தத் தொந்தரவு என்ன என்று விளக்கமாகச் சொல்ல மாட்டார்கள், கை மட்டும் ஒருமாதிரி ஆடும். மிஞ்சும் பெண் குட்டிகள் சாக்கில் கட்டி மார்க்கெட்டிலோ குப்பைத்தொட்டி ஓரத்திலோ பக்கத்து ஏரியாவிலோ விடப்படுகின்றன. அவற்றில் பிழைத்தவை ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்து குட்டி போடுகின்றன. பிறகு அதே ஆட்கள்தான் தெருநாய் பெருகிவிட்டது என்று மனு கொடுக்கிறார்கள். பிழைப்பதும் எத்தனை? மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகள் 364-ஐப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏழாவது மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால் செத்தவை. ஆண் குட்டியை வளர்த்தால் தொந்தரவு இல்லை என்பதும் பாதி உண்மைதான். வருடத்துக்கு இரண்டு முறை மூன்று வாரம் கதவைச் சாத்தி வைக்க வேண்டியது பெண் நாய்க்கு. கடுவனுக்கோ எந்தத் தெருவில் எந்தப் பெண் நாய் பருவத்தில் இருந்தாலும் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. காம்பவுண்டைத் தாண்டும், பத்து நாயோடு சண்டை போட்டுக் காது கிழிந்து வரும்.

உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் அடுத்தது. கருப்பையில் சீழ் பிடிப்பது, மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள். பருவம் முடிந்த சில வாரங்களில், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் வரும். புரோஜெஸ்டிரோன் கருப்பையைத் தடிப்பாக்கி, சுருங்கவிடாமல் வைத்திருக்கும்போது கிருமிகள் உள்ளே பெருகுகின்றன. சுவீடனில் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 10 வயதுக்குள் பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இது வந்திருந்தது. அங்கே பெரும்பாலான பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் இல்லாததால் அந்தக் கணக்கு தெளிவாகக் கிடைத்தது. நாலில் ஒன்று என்பது கொஞ்சமா?

இதன் அறிகுறிகளைப் பாருங்கள். நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். சிலவற்றுக்குப் பின்னால் சீழ் ஒழுகும். கருப்பை வாய் மூடியிருந்தால் அதுவும் வெளியே தெரியாது, வயிறு மட்டும் உப்பும். "மறுபடியும் ஹீட் போல" என்று நினைத்துக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் வீடுகளில் நாய் செத்துப்போகிறது. வெயில், ஃபுட் பாய்சன், வயதாகிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் புதைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப ஹீட் வந்துச்சு?" அப்பா அம்மாவைப் பார்க்கிறார், அம்மா தரையைப் பார்க்கிறார். தேதி யாருக்கும் தெரியாது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோயில் முதல் தடயமே அந்தத் தேதிதான்.

வெட்கத்துக்குக் குறுக்கு வழிகளும் உண்டு. 'ஹீட் வராமல் இருக்க' ஒரு ஊசி, தப்பித்தவறி இணைந்துவிட்டால் 'கலைக்க' ஒரு ஊசி. பருவத்தைத் தள்ளிப்போடும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசிகளும், கலைப்பதற்குப் போடும் ஈஸ்ட்ரோஜன் ஊசிகளும் இதே சீழ் நோய்க்குத்தான் கதவைத் திறந்துவிடுகின்றன. ஈஸ்ட்ரோஜன் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையே பழுதாகும். தேவையில்லாத சினையைக் கலைக்க வேறு பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் வாய் திறந்து கேட்டால் கிடைக்கும். "ஒரு ஈத்து போட்டாத்தான் நாய்க்கு நல்லது" என்பதும் இன்னொரு நம்பிக்கை. ஒரு ஈற்றினால் உடம்புக்கு நல்லது நடக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆறு குட்டிகளுக்கு ஆறு நல்ல வீடுகள் தயாராக இருக்கின்றனவா என்றுதான் கேட்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லா நாய்க்கும் உடனே ஆபரேஷனா? இதில் மட்டும் ஒரே வரியில் பதில் கிடையாது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி ஏறக்குறைய வராது என்று 1969-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது, அதை வைத்துத்தான் பல வருடங்களாக எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். 2012-ல் அந்தச் சான்றுகளை மறுபடியும் எடை போட்டவர்கள் ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். பெரிய ரகங்களுக்கு மிகச் சின்ன வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டுகின்றன. சில பெண் நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் கட்டுப்படாமல் போவதும் உண்டு. ஆகவே வீட்டு லாப்ரடாருக்கு ஆறாவது மாதத்திலா, முதல் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்தா என்பது மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். தெருநாய்க்கு அந்த அவகாசம் கிடையாது, பிடித்த அன்றைக்கே செய்துவிட வேண்டியதுதான். சென்னையின் ப்ளூ கிராஸ் 1964-லேயே கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று ஆரம்பித்தது, 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியானது, 2023-ல் புது விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அந்த உத்தரவைத் திருத்தி, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அப்போது டிவி விவாதங்களில் நாய் பிரியர்களும் நாய் வெறுப்பாளர்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள். தெருவில் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று பேசும்போது, கேட்டைத் திறந்துவிட்ட வீடுகளையும் சாக்கில் கட்டி விட்டுவிட்டு வந்தவர்களையும் யாரும் விவாதத்துக்குக் கூப்பிடவில்லை.

அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் ஒரு பேனாவைக் கொடுக்கலாம். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்குமே, அதில் முதல் சொட்டு ரத்தம் பார்த்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடட்டும். அன்றிலிருந்து நான்கு வாரம், ரத்தம் நின்றாலும் நிற்காவிட்டாலும், கேட் மூடியே இருக்க வேண்டும், வெளியே போனால் கையில் சங்கிலியோடுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தண்ணீர்ப் பாத்திரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா என்று பார்த்து வர வேண்டும். ஆறு மாதம் தள்ளி, பென்சிலால் லேசாக இன்னொரு வட்டம். அடுத்த முறை பெரிய மாமா வரும்போது நாய் அவர் முழங்காலைப் பிடித்தால், அவள் முதலில் போய்க் காலண்டரைத்தான் பார்ப்பாள்.